காடாத் துணியில் குவெர்னிக்கா

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து காற்று. சரவணம்பட்டி ரோடு முழுக்கப் புழுதி. தையல் கடைக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாயிற்று.

வாங்க: பால், ஆரி ஊசி, பினாயில், வீட்டுக்காரருக்குச் சுகர் மாத்திரை.

ஆடி பிறக்கப்போகிறது. கல்யாண ஜாக்கெட் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன். ஆரி எம்ப்ராய்டரி போடும் சட்டம் காலி.

மாலையில் மாடி வீட்டு மும்தாஜ் கடைக்கு இறங்கி வந்தாள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை. இப்போது ஐந்தாவது மாதம் வேறு. படிக்கட்டில் கை கொடுக்கப் போனால் தட்டிவிடுவாள். இன்று முகம் சரியில்லை.

அவள் பாடத்தில் ஒரு ஓவியம் வருகிறதாம். போருக்கு எதிராக ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்தது. பெயர் குவெர்னிக்கா. துறைத் தலைவர் கூப்பிட்டு, "அந்த ஒரு க்ளாஸ் மட்டும் வேற யாராச்சும் எடுக்கட்டுங்க மேடம். படத்தைப் பாத்து நடத்தறதுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாராம்.

"மரியாதையாத்தான் சொன்னாருங்கக்கா. அதான் இன்னும் கோவம் வருது."

விரலால் பார்க்கிற மாதிரி அதைத் துணியில் தைத்துத் தர முடியுமா என்றாள். சரி என்றேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 16, புதன்

பார்த்தேன். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கண்ணெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. கடையில் தைக்கிற கலா எட்டிப் பார்த்து, "இது யாரு ஊட்டு விசேசத்துக்குங்கக்கா?" என்றாள். சிரித்துப்போட்டேன். பிறகு மறுபடி பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

மு. (மும்தாஜ்தான்) நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்ல, நான் காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். குவெர்னிக்கா என்பது ஒரு ஊர். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்த சமயம், 1937. சந்தை நாள், திங்கட்கிழமை. ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிய தளபதிக்கு ஆதரவாக ஜெர்மனியும் இத்தாலியும் அனுப்பிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஊர் எரிந்தது. ஓவியர் பாரிஸில் இருந்தார். ஒரு பெரிய கண்காட்சிக்குப் படம் தர ஒப்புக்கொண்டு, எதை வரைவது என்று தெரியாமல் இருந்தவர். செய்தித்தாளில் ஊரின் கதியைப் பார்த்ததும் தொடங்கி, கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் சுவர் அகலத்துக்கு வரைந்து முடித்துவிட்டார்.

நான் உடுமலைச் சந்தையை நினைத்துக்கொண்டேன். தேங்காய்க் குவியல், கூடைக்காரிகள், டீக்கடை. மேலே சத்தம் கேட்டு எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

"என்னென்ன கலருங்கக்கா?"

கலரே இல்லை, கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்றேன். "அப்ப இந்தப் படத்துல உங்களுக்கும் எனக்கும் பெருசா வித்தியாசம் இல்லீங்க" என்றாள்.

ஜூலை 19, சனி

நூல் முடிவு செய்தது:
காளை: தடித்த கம்பளி.
குதிரை: சின்னச் சின்ன ஓட்டுத் தையல். படத்தில் அதன் உடம்பு அச்சடித்த பேப்பர் மாதிரி இருக்கிறது.
விளக்கு பிடித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறவள்: பட்டு நூல்.
மேலே கண் வடிவத்தில் எரியும் பல்பு: ஜரிகை, தொட்டால் குத்த வேண்டும்.
தீயில் மாட்டிக் கையைத் தூக்கியவள்: சணல்.
கீழே விழுந்து கிடக்கும் வீரன், உடைந்த வாள், அதன் பக்கத்தில் ஒரு பூ. பூவுக்கு என்ன போட?

வீட்டுக்காரருக்குக் காளைதான் பிடித்தது. காங்கேயம் பக்கத்துக்காரர் அல்லவா. காளை என்றால் கொடூரம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "குழந்தையைப் பறிகொடுத்தவ பக்கத்துல நிக்குது பாரு. காவலுக்கு நிக்குது." மு.விடம் சொன்னேன். ஓவியரே ஒருமுறை காளை கொடூரம்தான் என்று சொல்லி, இன்னொருமுறை காளை காளைதான், குதிரை குதிரைதான் என்று விட்டுவிட்டாராம். "அண்ணன் சொன்னதையும் க்ளாஸ்ல சொல்லிப்போடறேன்."

ஜூலை 22, செவ்வாய்

காளைக்குக் கீழே அந்த அம்மா. மடியில் குழந்தை. தலை பின்னால் தொங்குகிறது. கண்ணில் மணி இல்லை. தாய் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்திருக்கிறாள்.

ஊசி போட்டேன், பிரித்தேன். திரும்பப் போட்டேன். மாசமாக இருக்கிற பெண் தொட்டுப் பார்க்கப்போகிற துணி இது. குழந்தையின் தலையைத் தாயின் கை மேல் ஏற்றிவைத்துத் தைத்தேன். கண்ணை மூடிவிட்டேன். தூங்குகிற மாதிரி. வீரனின் கை அறுபட்ட இடத்தையும் மழுப்பிவிட்டேன்.

யாருக்கு என்ன நஷ்டம்.

ஜூலை 25, வெள்ளி

மு. இன்று முழுத் துணியையும் தொட்டுப் பார்த்தாள். இடமிருந்து வலம், மெதுவாக. பல்பில் விரல் பட்டதும் "ஸ்ஸ்" என்றாள், சந்தோஷமாக. குதிரையின் வாய்க்குள் விரல் விட்டு, கத்தி மாதிரி நிற்கும் நாக்கைக் கண்டுபிடித்தாள். பிறகு அந்தத் தாய். விரல் நின்றது.

"தலை ஏனுங்கக்கா கை மேல இருக்குது?"

குழந்தை தூங்குகிறது கண்ணு என்றேன்.

"அது செத்த குழந்தைங்க. பத்துக் கட்டுரையில கேட்டிருக்கேன். எப்படித் தொங்குதுன்னுதான் எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

உன் நிலைமையை நினைத்துத்தான் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"துறைத் தலைவரும் என் நிலைமையைத்தான் நினைச்சாருங்க." அப்புறம், "வேற எதையெல்லாம் மாத்துனீங்க? இனி எந்தத் தையலை நான் நம்பறது?"

எழுந்து போய்விட்டாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம். நான் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை வந்து கொடித் துணி நனைந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேற்றெல்லாம் பிரித்தேன். பிரிப்பதுதான் கஷ்டம், துணி கிழியும். தலையைத் தொங்கவிட்டேன். கண்ணைத் திறந்து வெறுமையாக விட்டேன். தைக்கும்போது அழுதேன். வீரனின் கையும் உள்ளபடி.

இன்று மாடி ஏறிப்போனேன். கதவைத் திறந்தது மு.வின் வீட்டுக்காரர் நாசர். "வாங்கக்கா. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலைங்க அவ." மாற்றியவை எவை, திருத்தியவை எவை, ஒன்று விடாமல் சொன்னேன். காளைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு பறவை இருட்டில் கிடக்கிறது, அது எனக்கே சரியாகத் தெரியவில்லை, ஊகித்துத்தான் தைத்தேன் என்பதையும் சொன்னேன்.

மு. கையை நீட்டினாள். குழந்தையின் தலையில் வெகுநேரம் விரல். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். நாசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பச் சரிங்கக்கா" என்றாள். "சோறு தின்னுட்டுப் போங்க."

கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது.

ஜூலை 30, புதன்

மு. துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கிய வகுப்பு. என்னையும் கூட்டிப்போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். துறைத் தலைவரும் வந்து நின்றார்.

முதலில் படத்தைக் காட்டவே இல்லை. நாலு நாலு பேராகக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தொடச் சொன்னாள். சிரித்துக்கொண்டே போனார்கள். தொட்டவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பெண் தாயின் மடியில் கை வைத்து வெடுக்கென்று எடுத்தாள், பிறகு தானாகவே மறுபடி வைத்தாள்.

படம் அமெரிக்காவில் பல வருஷம் இருந்த கதையைச் சொன்னாள். ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பினால்தான் அங்கே போகவேண்டும் என்பது ஓவியரின் நிபந்தனை. அதைப் பார்க்க அவர் இல்லை. படம் போய்ச் சேர்ந்தது.

ஒரு பையன் எழுந்தான். "மேம், குண்டு போட்ட படம்னீங்க. இதுல ப்ளேனே இல்லைங்களே?"

நான் இத்தனை நாள் தைத்தேன், அதைக் கவனிக்கவில்லை.

மு. துணியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ப்ளேன்ல இருந்தவங்களுக்கு இந்த மொகம் ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுப்பா. தெரியாமப் போகக்கூடாதுன்னுதான் கீழ இருந்தவங்களை மட்டும் வரைஞ்சாரோ என்னவோ."

மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. துறைத் தலைவர் முன்னால் வந்தார். "மேடம், நானும் ஒருக்கா தொட்டுப் பாக்கலாங்களா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 31, வியாழன்

தூறல். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. கலா லீவு.

துணியை இன்னொரு பிரிவுக்கும் கேட்டிருக்கிறார்கள். வகுப்பு எடுக்கப்போவது மு.வேதான்.

மாலையில் இறங்கி வந்தாள். படிக்கட்டில் நான் கை நீட்டவில்லை. கடைசிப் படியில் அவளாகவே என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை பொறந்ததும் பாத்து நீங்கதான் எனக்குச் சொல்லோணுங்கக்கா. மூக்கு சப்பையா இருந்தாச் சப்பைன்னே சொல்லோணும். நாசரைக் கேட்டா ராசா மாதிரி இருக்குதுன்னுதான் சொல்லுவாரு."

அழுதால் மூஞ்சி எப்படிக் கோணுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"சிரிச்சா?"

அதையும் என்றேன்.