நொதியில் ஓர் இருக்கை

அன்புள்ள துணைவிக்கு,

உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலமே.

பால் ஆலையில் நேற்று ஒரு வேடிக்கை. பாற்சர்க்கரையை உடைக்க நொதி சேர்த்திருந்த தொட்டியில், ஏற்கெனவே சர்க்கரை உடைத்து முடித்த மிச்சப் பாலையும் மேற்பார்வையாளர் ஊற்றிவிட்டார். "வீணாப் போகுதேன்னு ஊத்தினேன் சார்" என்றார். நொதியில் பாற்சர்க்கரை வந்து அமர ஒரு குழி உண்டு. அது உடைந்து வரும் இரு துண்டுகளில் ஒன்றுக்கும் ஏறக்குறைய அதே சாயல். அந்தத் துண்டு குழியில் உட்கார்ந்துகொண்டால் உரியதற்கு இடமில்லை, வேலை மந்தமாகிவிடும்.

நம் வீட்டு மாடியில் குடியிருக்கும் வங்கி அதிகாரி மாலைதோறும் என் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பதாகச் சொன்னாய். "சும்மாதானே கிடக்குது, உக்காரட்டுமே" என்று சிரித்தாய். அவருக்கும் என் வயது, என்னைப் போலவே வழுக்கை. அவர் பண்பாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாடியிலும் நாற்காலிகள் இருக்கும் என்பதிலும் ஐயமில்லை.

புதுப் பாலை நிறையச் சேர்த்ததும் நொதி பழையபடி இயங்கியது. உரியது மிகுதியாக வந்தால் போலிக்கு இடம் கிடைக்காது. ஆகவே நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்துள்ளேன். அதுவரை, பின்னால் அவர் குரல் கேட்காத நேரமாகப் பார்த்து என்னைத் தொலைபேசியில் அழை.

ஆலை வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்