அவள் பக்கத்துக் கதவு

மார்ச் 3, திங்கள்

பிக்கப் வண்டியின் கதவுகள் இன்று தாமாகவே பூட்டிக்கொண்டன. நான் வெளியே. சாவி உள்ளே. என் மனைவியும் உள்ளே.

பதறாமல் எழுதப் பார்க்கிறேன். பஞ்சர் கடைக்காரர் போட்ட ஒட்டு நிற்கவில்லை. இன்று கேட்டே விடுவது என்று அவர் கடை முன்னால் நிறுத்தி, இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். முதுகுக்குப் பின்னால் 'டக்'. இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் பூட்டிவிட்டது.

உள்ளே இருப்பவர் கதவுக் குமிழை மேலே இழுத்தால் திறக்கும். ஆனால் வாதம் அடித்த பிறகு, கதவுப் பக்கம் இருக்கிற கைதான் அவளுக்கு வராத கை. நல்ல கை குறுக்கே அதுவரை எட்டாது; என் பக்கக் குமிழுக்கு நீட்டினால், அவளால் கழற்ற முடியாத பெல்ட் பிடிக்கிறது. தூசி படும் என்று கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்திருந்தவன் நான்தான். நல்ல வெயில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றியில் வியர்வை கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

சண்டை போடப் போன அதே பஞ்சர் கடைக்காரர்தான் இடுக்கில் கம்பியை விட்டுத் திறந்தார். "ஒண்ணு... மில்ல" என்றாள் அவள். அவள் பயப்படவில்லை. பயந்தவன் நான். எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

மார்ச் 4

மகன் வந்துவிட்டான். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

"அந்த ஓட்ட வண்டிய வித்துத் தொலைங்கப்பா. இனிமே அம்மாவ என் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"பூட்டுதானடா, நான் சரி பண்றேன்."

"சரியாகற வரைக்கும் அம்மா அதுல ஏறக் கூடாது. ஏத்துனீங்கன்னு தெரிஞ்சா சாவி என்கிட்ட இருக்கும்."

பெற்றவனிடமே பறிமுதல்.

மார்ச் 6, வியாழன்

வியாழக்கிழமைதோறும் அவளுக்கு ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி. இன்று மகன் காரில் போனோம். அந்தக் கார் தரையோடு தரையாக இருக்கிறது. அதிலிருந்து அவளை எழுப்ப ஆஸ்பத்திரி ஆட்கள் இருவர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிக்கப்பில் இருக்கை இடுப்பு உயரம். திரும்பி உட்கார்ந்து காலைக் கீழே விட்டால் போதும், தானாக நின்றுவிடுவாள். யார் கையும் படாமல் அவள் எழுந்து நிற்பது அந்த ஓர் இடத்தில்தான். இது யாருக்குப் புரிகிறது?

மார்ச் 7

அவள் பக்கத்துக் கதவைப் பிரித்தேன். பூட்டு மோட்டாரைக் கழற்றி பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடுகிறது. இருந்தாலும் பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கி மாட்டினேன். அந்தக் கதவில் ஒரு சந்தேகம்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

அவள் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க... கதவு..." என்றாள்.

வாயில் திருகாணியோடு, "என் வண்டி, என் கதவுதான். வேற யாரோடதாம்?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 8

எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் எழுந்துகூட வரவில்லை. "பெரியவரே, பூட்டோட ஃபியூஸ புடுங்கிப் போடுங்க. கையாலயே பூட்டுங்க. இந்த வண்டிக்கு அதுவே ஜாஸ்தி."

முப்பது வருஷம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றியவன் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சுட்டுக்கொண்டு கற்றது. ஃபியூஸைப் பிடுங்குவது வைத்தியம் ஆகுமா? மாட்டேன்.

மார்ச் 9

பூட்டுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலேயை மாற்றினேன். ஸ்விட்சைச் சுத்தம் செய்தேன்.

மார்ச் 11

காலை முழுக்கச் சோதித்தேன். பூட்டு ஸ்விட்சை நூறு தடவை அழுத்தியிருப்பேன். ஒரு தடவையும் தப்பு செய்யவில்லை.

அதைத்தான் நம்ப முடியவில்லை. கெட்டது கெட்டபடியே இருந்தால் கண்டுபிடிக்கலாம். நல்லபிள்ளையாக நின்றால் எங்கே என்று தேடுவது? அவளுக்கு வாதம் வந்த அன்றைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கையிலிருந்து டம்ளர் விழும்வரை.

மகனிடம் போனில் "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஆயிருக்கும் என்றுதான்.

மார்ச் 13, வியாழன்

ஆகல. ஒண்ணும் சரியாகல.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, வண்டியை அங்கே நிறுத்து, இங்கே நிறுத்து என்று விரட்டினான். "நோயாளிய தோள்ல தூக்கிட்டு வரட்டுமாய்யா?" என்று கத்திக்கொண்டே இறங்கிக் கதவை அறைந்தேன். டக்.

இந்தத் தடவை இன்னொரு சாவி சட்டைப் பையில் இருந்தது. இருந்து என்ன? சாவித்துளைக்குள் போகவில்லை. அவசரத்தில் துளைக்குப் பக்கத்தில் குத்திக் குத்திப் பெயின்டைக் கீறினேன். கடைசியில் அந்தக் காவலாளிதான் என் கையிலிருந்து வாங்கித் திறந்தான். "குடுங்க ஐயா, பயப்படாதீங்க." கொஞ்ச நேரம் முன்னால் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய பையன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நல்ல கையை நீட்டி நீட்டி என் இருக்கைப் பக்கம் காட்டினாள். உதடு அசைந்தது. கதவைத் திறந்ததும் மறுபடி, "உங்க... கதவ..."

"பேசாத. மொதல்ல மூச்சு விடு" என்றேன்.

ஒருவேளை மகன் சொல்வதுதான் சரியோ. விற்றுவிடலாமோ.

மார்ச் 14

காலையில் சாப்பிட மாட்டேன் என்றாள். வண்டியைக் காட்டினாள். ஏற்றி உட்காரவைத்தேன். என்னை என் பக்கம் போகச் சொன்னாள்.

"சாத்துங்க."

சாத்தினேன். ஒன்றும் இல்லை. திறந்து மறுபடி சாத்தினேன். ஒன்றும் இல்லை.

"இப்பிடி... இல்ல." மூச்சு வாங்கினாள். நான் வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி அடக்கினாள். "கோவமா... அடிங்க."

அறைந்தேன்.

டக்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான்... அன்னிக்கே... சொன்னேன்."

என் கதவில், கீல் பக்கம், வயர்கள் வண்டிக்குள் நுழைகிற ரப்பர் உறையைக் கிழித்தேன். பூட்டு ஸ்விட்சிலிருந்து வரும் வயரின் தோல் தேய்ந்து செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சாத்தினால் அது பாட்டுக்குக் கிடக்கிறது. அறைந்தால் துள்ளிப் போய்த் தகட்டைத் தொடுகிறது. ஸ்விட்சை அழுத்தியதாக நினைத்து வண்டி பூட்டிக்கொள்கிறது. இத்தனை நாள் பயமெல்லாம் அவள் பக்கத்துக் கதவில் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்தையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

வெட்டி, புது வயர் சேர்த்து, பற்றவைத்து, டேப் சுற்றினேன். சாயங்காலம்வரை கோபமாகவே அறைந்து பார்த்தோம். அவள்தான் "இன்னும்" "இன்னும்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மகன் வந்து அவனும் அறைந்து பார்த்தான். பூட்டவில்லை.

"பரவாயில்லையே. யாருப்பா கண்டுபிடிச்சது?"

"யாரு, நான்தான்."

உள் அறையிலிருந்து இருமல் சத்தம்.

"அம்மாவுக்கு சளியா?"

"அந்த இருமலுக்கு மருந்து கிடையாது, விடு."

வண்டிச் சாவியை எடுக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. கடைக்கு எதிரே நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். இறங்கிக் கதவைச் சாத்தப் போகையில் அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "அந்த..." என்று நின்றுவிட்டது.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. கதவைப் பிடித்தபடியே நின்றேன். வேன்காரன் ஏதோ சொல்லிக்கொண்டு சுற்றிப் போனான். நின்றேன்.

"அந்தக்... கண்ணாடிய... எறக்கி... வெச்சுட்டு... போங்க."

சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கண்ணாடியை அடிவரை இறக்கினேன்.