மூச்சு வாங்க விட்ட இடம்

டிசம்பர், கடைசி ஞாயிறு.

இந்த வருஷத்தின் சிறந்த வாத்திய இசை என்று சிதம்பரத்தில் எங்கள் குழுவுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். நான் பாட வேண்டிய பாட்டு அது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் குரல் திரும்பவில்லை. மச்சான் என் பகுதியைக் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்துவிட்டான். சரணத்துக்கு முன்னால் நான் மூச்சு வாங்க விட்டிருந்த இடத்தை மட்டும் நிரப்ப மறந்துவிட்டான்.

நடுவர் அதைத்தான் பாராட்டினார். “அங்க சட்டுனு நிறுத்துறீங்க பாருங்க, அதான் சார் உயிரே!”

கடலூர் பஸ்ஸில் மச்சான் கேட்டான்: “அடுத்த பாட்டுலயும் அதே மாதிரி வுட்டுர்லாமா?”

தலையாட்டினேன். என்னால் பேச முடியாதது அவனுக்கு வசதி.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். அந்த இடம் வந்ததும் என்னையறியாமல் மூச்சை இழுத்தேன். கீபோர்டு தொடங்கிவிட்டது.