அக்காவின் மலை சைக்கிளுக்குப் புது ஃபோர்க்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா இன்றும் மருத்துவமனை வேலைக்குப் பஸ்ஸில்தான் போனாள். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கிறாள். படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் மலை சைக்கிளைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சைக்கிளிலிருந்து விழுந்தது அவள் தப்பல்ல. முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் தேய்ந்துபோயிருந்தது. பள்ளத்தில் அமுங்கி எழ வேண்டியது, அமுங்கியபடியே நின்றுவிட்டது. இவள் தலைகுப்புற விழுந்தாள்.

"எடைக்குப் போட்டுடு" என்கிறாள். மலைத் தடத்தில் அத்தனை பேரையும் பின்னால் விட்டு இறங்கியவள்!

மார்ச் 5, வியாழன்

சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "இது பழைய அளவுங்க. இப்ப வர்ற ஃபோர்க்கெல்லாம் கழுத்து தடிமன், நுழையாது. பேசாம புது வண்டி எடுத்துக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் பல்செட் செய்கிறவள். செட் பொருந்தவில்லையென்றால் வாயை மாற்றிக்கொண்டு வா என்றா சொல்கிறோம்?

தேடுவேன்.

மார்ச் 13, வெள்ளி

கிடைத்துவிட்டது! பழைய உதிரிபாகம் விற்கிற ஒருவரிடம், பெட்டியே பிரிக்காதது. தடிமன் சரி. நம் பிரேக்கும் மாட்டலாம். ஹேண்டில்பாரோடு சேரும் கழுத்துக் குழாய் மட்டும் நீளம், அறுக்க வேண்டும்.

"ஆழம் தெரியாம காலை விடாதடி" என்றாள் அக்கா.

விட்டாயிற்று.

மார்ச் 14, சனி

நாள் முழுக்க பால்கனியில். சக்கரம், பிரேக், ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பழைய ஃபோர்க் சேறும் துருவுமாகக் கையோடு வந்தது. அதன் தண்டெல்லாம் கீறல். இதை நம்பியா இவள் மலையிலிருந்து இறங்கினாள்?

பழையதைப் பக்கத்தில் வைத்துப் புதியதில் கோடு போட்டேன். அளந்தேன். மறுபடி அளந்தேன். பல்லில் கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால்கூட எதையாவது வைத்துச் சரிக்கட்டலாம். இதில் போனது போனதுதான்.

அக்கா கதவோரம் வந்து நின்றாள். "ரம்பம் சாயுது பாரு."

"நீ உள்ள போ."

போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள், உடைந்த அந்தக் கையாலேயே. அறுத்தேன். துண்டு விழுந்து உருண்டது. வெட்டு முகம் அவ்வளவு நேர்! அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். அவள் குறை சொல்லவில்லை என்றாலே பாராட்டு.

மார்ச் 15, ஞாயிறு

ஆடுகிறது. மாட்டி முடித்தால் கடகடவென்று ஆடுகிறது. இறுக்கினால் ஹேண்டில்பார் திரும்பவே மாட்டேன் என்கிறது. ஐயோ, என்னத்தப் பண்ணித் தொலைச்சேன்? குட்டையா அறுத்துட்டேனா? படிச்சுப் படிச்சுச் சொன்னாளே அக்கா, கேட்டேனா?

அழுதேன். எழுதுவதற்கென்ன வெட்கம்.

பிறகு —

பழைய ஃபோர்க்கைக் குப்பைக்குக் கொண்டுபோகத் தூக்கியபோதுதான் கண்ணில் பட்டது. கழுத்தடியில் ஒரு மெல்லிய வளையம், துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு. ஹேண்டில்பார் லேசாகத் திரும்ப உதவும் பேரிங் இதன்மேல்தான் உட்கார வேண்டும். இதை எடுத்துப் புதியதில் போடாமல் பேரிங் எங்கே உட்காரும், என் தலையிலா?

சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினேன். துடைத்துப் புதியதில் ஏற்றினேன். பூட்டினேன்.

ஆட்டமே இல்லை. ஒரு விரலால் தள்ளினால் ஹேண்டில்பார் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குழந்தை மாதிரி. நான் செய்தது. நானே.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா இன்னும் தொடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

"நீதானே செஞ்ச, நீயே ஓட்டு" என்றாள் அக்கா. ரோஷம் வந்துவிட்டது. தெருவைத் தாண்டி சைக்கிள் ஓட்டியறியாதவள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டிலிருந்து இறங்கினேன். பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கியது, எழுந்தது. நான்தான் சீட்டை விட்டு எழவில்லை.

மேலேயிருந்து ஒரே கத்தல். "சீட்ல உக்காராதடி! எழுந்து நில்லு! பின்பிரேக்கு, பின்பிரேக்கு!"

தள்ளிக்கொண்டு மேலே வந்தேன்.

"மானத்தை வாங்குற. கொடு இங்க."

ஏறினாள். விளிம்பில் ஒரு காலை ஊன்றி நின்றாள், நெடுநேரம். பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் பிரேக்கை விட்டாள்.

கீழேயிருந்து அலறல் கேட்டு ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 4, சனி

அக்காவோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஃபோன் செய்தாள். அவளிடமும் ஒரு பழைய வண்டி கிடக்கிறதாம், முன்பக்கம் இதே கோளாறாம்.

அக்கா முழங்கால்வரை சேற்றோடு சமையலறையில் நின்று பேசினாள். "அதெல்லாம் என் தங்கச்சி சரி பண்ணிடுவா" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக. "ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் மேட்டுலேர்ந்து இறக்கிப் பாக்குறது நான்தான். சம்மதம்னா கொண்டு வா."