டர்போ காருக்கு ஒன்பது சீட்டு

லாப்புவா, 8 ஜனவரி 1989

தாப்பியோவுக்கு,

நலம்தானே? இங்கே எலும்பைக் கடிக்கும் குளிர். உன் நாய் சௌக்கியம்.

நீ வீட்டை விட்டுப் போனதற்கு நான் அழவில்லை. பட்டறை அலமாரியில் இஞ்சினின் மேல்மூடியான என் சிலிண்டர் ஹெட்டைக் காணோம் என்றதும்தான் அழுதேன். ஒரு குளிர்காலம் முழுக்க அதன் காற்றுவழிகளை அரத்தால் ராவினேன். வழியைச் சீராக்கினால் இஞ்சின் தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும், சக்தி கூடும் என்பது என் கட்சி. டர்போ வைத்து ஊதித் திணிக்க வேண்டும் என்பது உன் கட்சி. கட்சி வேறானால் திருடலாமா? திருப்பி அனுப்பு.

ஹில்க்கா


வாசா, 20 ஜனவரி

என் கோபக்கார ஹில்க்காவுக்கு,

பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவனைத் திருடன் என்கிறாய். ஹெட் என் காரில் பத்திரமாக இருக்கிறது. உள்ளழுத்தம் குறைய அடியில் தடித்த கேஸ்கெட் தகடு போட்டு டர்போவும் மாட்டிவிட்டேன். நீ ராவி ராவிச் சேர்த்தது பதினைந்து குதிரைத்திறன். நான் ஒரே வாரத்தில் அறுபது சேர்த்தேன். "பொம்பள அரம் புடிச்சா நகம்தான் தேயும்"னு இங்கே பசங்க சிரிக்கிறாங்க.

மார்ச் 12, உங்கள் ஊர் உறைந்த ஏரியில் நடக்கும் பந்தயத்தில் அதை ஓட்டுகிறேன். வந்து கைதட்டு.

அன்புடன்,
தாப்பியோ


லாப்புவா, 14 மார்ச்

அன்புள்ள தாப்பியோ,

கைதட்டினேன், பார்த்திருப்பாய். முதல் பரிசு உனக்குத்தான். டர்போ விஷயத்தில் நீ சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் பந்தய விதி உனக்குத் தெரியும். ஓடி முடித்த காரை யார் கேட்டாலும் கிளப் வைத்த சொற்ப விலைக்குக் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் உரிமம் போய்விடும். பலர் சீட்டெழுதிப் போட்டுக் கேட்டால் குலுக்கல். ஒருவன் சொந்தக் கையால் கட்டிய காருக்கு ஊரில் யாரும் சீட்டுப் போடுவதில்லை. அந்த மரியாதையை நம்பித்தான் வந்தாய். அந்த ஹெட் யார் கைவேலை என்று ஊருக்குத் தெரியாதா?

ஒன்பது சீட்டு விழுந்தது. ஒன்பதும் எனக்காகப் போட்டவை. "எந்தச் சீட்டு வந்தாலும் கார் உனக்குத்தாம்மா, கவலப்படாத" என்றார் தபால்கார எய்னோ.

கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நீ பஸ் ஏறினாயே, அதைப் பார்க்கத்தான் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் அடங்கியது.

கார் இப்போது என் பட்டறையில் தானாக மூச்சிழுக்கிறது. உன் டர்போவைக் கழற்றி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அடுத்தவர் பொருள் எனக்கு வேண்டாம். நாயை மட்டும் தர மாட்டேன்.

இஞ்சின் இல்லாத டர்போவை இனி உன் வாயாலேயே ஊதிக்கொள்.

ஹில்க்கா