மூடி போட்ட கிண்ணம்

பிரியமுள்ள எலிசா அண்ணி,

இங்கே நானும் அண்ணனும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதினால் அங்கிருந்தே கண்ணை உருட்டுவீர்கள். நீங்கள் கர்த்தரிடம் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டுக்காரர் சோற்றைத் தொட்டும் தொடாமலும் எழுந்துவிடுகிறார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிய மனுஷன், இப்போது சட்டை தொளதொளக்க உட்கார்ந்திருக்கிறார்.

நானும் விடவில்லை. பக்கத்து வீடுதானே, தினமும் தூக்குப்போசியில் ஏதாவது கொண்டுபோகிறேன். அவருக்குக் கோஸ் என்றால் உயிர் அல்லவா? பாசிப்பருப்பு போட்ட கூட்டு, தேங்காய் துருவிய பொரியல், மழை நாளில் கோஸ் வடை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "வெச்சுட்டுப் போ கண்ணு, அப்பறம் பாக்கறேன்."

அவர் நாக்கு எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியாதா? உங்கள் கோல்ஸ்லாவைத்தான். பள்ளிக்கூட போர்டிங் சமையலறையில் வேலை செய்தபோது நீங்கள் கற்றுக்கொண்டது. நூலாக அரிந்த பச்சைக் கோஸ், கேரட், டப்பாப் பால், வினிகர், கடுகுத்தூள், நம் கொடியில் பறித்த மிளகு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் அது மேசைக்கு வந்துவிடும்.

அதை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! "ஏனுங்க அண்ணி, பச்சையாத் திங்க நாங்க என்ன ஆடுங்களா?" என்பேன். "ஆடாவது வாயத் தொறந்து கேக்கும் கண்ணு" என்று சிரிப்பீர்கள்.

மேசையில் நான் அதைத் தொட மாட்டேன். அண்ணனும் விருந்தாளிகளும் கை கழுவிய பிறகு, பாத்திரம் விளக்கும் சாக்கில் அடுப்படிக்குள் நுழைவேன். ஜன்னலோரம் ஒரு சின்னக் கிண்ணத்தில், மூடி போட்டு, கொஞ்சம் மிச்சம் இருக்கும். நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டுக் கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இருபது வருஷத் திருட்டு அண்ணி இது. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அதை உங்களிடம் சொல்ல என்ன வறட்டு கௌரவமோ தெரியவில்லை.

இப்போது டவுன் ஏரிக்கரைக் கடைகளில் வறுத்த கோழியோடு காகிதக் கப்பில் அதை விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். மிளகே இல்லை.

போன ஞாயிறு நானே செய்யத் துணிந்தேன். கைப்பழக்கம் விடுமா? பொரியலுக்குச் செய்வது போலவே, புழு இருந்தால் போகட்டும் என்று, அரிந்த கோஸை மஞ்சள் தூள் போட்ட வெந்நீரில் முக்கிவிட்டேன். நறுக்கென்று இருக்க வேண்டியது மஞ்சளாகத் துவண்டு கிடந்தது. வேறு கோஸ் வாங்க நம் கொட்டச்சேட்டிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். வருவது வரட்டும் என்று கலந்து கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு வாய் எடுத்தார். அப்புறம் இன்னொரு வாய்.

"ஏங்கண்ணு, கோஸுக்கு மஞ்சக் காமாலையா?" என்றபடி சோற்றையும் போட்டுக்கொண்டார். தட்டைக் காலி செய்துவிட்டுக் கேட்டார்: "உனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சுட்டயா?"

"எனக்கு எதுக்குங்ண்ணா?"

"உன்ற அண்ணி, மேசைக்குக் கொண்டாரதுக்கு முன்னாலயே உனக்குன்னு எடுத்து மூடி வெச்சுருவா. 'ஸ்டெல்லா நாலு பேரு முன்னால திங்க மாட்டா, அடுப்படிக்கு வந்து திம்பா, நீங்க அந்தப் பக்கம் போயிராதீங்க'ம்பா."

மிச்சமானதை யாராவது அவ்வளவு பதனமாக மூடி வைப்பார்களா? இருபது வருஷம் இது என் மண்டையில் ஏறவில்லையே! நான் அங்கே தின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள், அண்ணி? கூடத்தில் ஆட்களைப் பேச்சில் பிடித்து வைத்திருந்தீர்களா?

வருகிற ஞாயிறு மஞ்சள் போடாமல் செய்வேன். அண்ணனுக்கு எதிரில் மேசையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். இது சத்தியம்.

உங்களிடம் ஒரு தடவைகூடக் கேட்காத
உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா