குதிருக்குள் ஒரு தும்மல்

நவம்பர் 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். சாயப்பட்டறையிலிருந்து கம்பெனிக்குப் பனியன் துணி வரவில்லை. போன் போட்டால், வருது வருது என்கிறான்.

வீட்டுக்காரி தங்கம் இன்றும் பேசவில்லை. ஆடியில் பக்கவாதம். கை கொஞ்சம் தேவலை. வலப்பக்க வாய்க் கோணல் அப்படியே. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜெபா, தூத்துக்குடிப் பெண், கண்ணாடியைக் காட்டினால் இவள் சுவரைப் பார்க்கிறாள். எல்லாம் புரிகிறது. மனசுதான் இல்லை.

ஜெபா போகும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "அண்ணாச்சி, சிரிங்கன்னு சொன்னா அந்தப் பக்கம் அசையாது. தானா சிரிப்பு வந்தா அசைஞ்சாலும் அசையும். அவங்க எதுக்குச் சிரிப்பாவ?"

மாடி அறை முழுக்கப் பழைய சிரிப்புப் படங்கள். கேசட், சிடி, டிவிடி. வீடியோ கடைகள் மூடியபோது மூட்டையாக வாங்கியவை. ஊரில் யாரிடமும் இல்லாதது என்னிடம் என்ற நினைப்பு. பார்த்தது குறைவு. பாக்கறதுக்கு வாங்கறீங்களா, பூட்டி வெக்கறதுக்கா என்று கேட்பாள் தங்கம்.

நவம்பர் 11, செவ்வாய்
தங்கத்துக்குக் கொய்யா, மாத்திரை. கம்பெனிக்குத் தையல் ஊசி டெலிவரி.

டிவிடி மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கே சிரிப்பு வரவில்லை.

அவள் விரும்பிப் பார்த்தது ஒரே படம். கறுப்பு வெள்ளை, கேசட் மட்டும். கடன்காரனுக்குப் பயந்து மாமனார் நெல் குதிருக்குள் ஒளிவார். எல்லாரும் மூச்சடக்கி நிற்கையில் குதிர் தும்மும். அதற்கு முன்பே தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

கேசட் பெட்டியைப் பிரித்தேன். ஒரு மழைக்காலத்தில் எக்ஸ்போர்ட் சரக்கு மாதிரி ஒவ்வொரு கேசட்டையும் பாலிபேக்கில் போட்டு ஒட்டி அடுக்கியது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை. ஈரத்தோடு பேக் பண்ணாதே என்று பேக்கிங் ஆட்களைத் தினம் திட்டுகிறவன் நான்.

நவம்பர் 13, வியாழன்
வீரபாண்டி. பழைய வீடியோ டெக் ரிப்பேர் பார்க்கும் சுந்தரம் கடை.

"கையில தொடச்சுத் தொடச்சுச் சுத்தோணுங்க. ஒரு வாரம் உடுங்க."

ஒரு வாரமா என்றேன். நடுவில் ஒரு இடம்தான் மோசம், மற்றது இன்றே துடைத்துவிடலாம் என்றான். அப்படியானால் அதை வெட்டிவிட்டு ஒட்டு என்றேன். துணியில் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டிங் மேசைக்கு ஏற்றுவோம். முழு ரோலையும் வைத்துக்கொண்டு அழுவதில்லை.

தயங்கினான். என்ன சீன் என்று தெரியாமல் வெட்டுவதா என்றான். பூஞ்சையோடு ஓட்டினால் டெக் போய்விடும் என்று அவனே சொன்னதை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். வெட்டினான். துண்டு மேசைக்கடியில் குப்பைப் பெட்டிக்குள்.

நவம்பர் 15, சனி
சாயங்காலம் டெக் மாட்டியாயிற்று. கோடு கோடாகப் படம். சத்தம் சுமார். ஜெபாவும் இருந்தாள்.

டைட்டில் இசை வந்ததும் தங்கம் சுவரை விட்டுத் திரும்பினாள். சிரிக்கவில்லை. ஆனால் கண் நகரவில்லை. கடன்காரன் வாசலில். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். தங்கத்தின் இடது கை முந்தானையைத் தேடியது. குதிருக்குள் அவர் கால் வைத்தார்.

படம் துள்ளியது. கல்யாணப் பந்தல். எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

முந்தானை நெஞ்சோடு நின்றுவிட்டது. ரிமோட் தேடுவதுபோல எழுந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. ஜெபா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

தங்கம் வாயைத் திறந்தாள். காற்றுதான். மறுபடியும்.

"தும்மல்... எங்க?"

கோபம். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த அதே கோபம். ஆடிக்குப் பிறகு முதல் பேச்சு. பதில் சொல்லுங்க அண்ணாச்சி, நிக்காதீங்க என்றாள் ஜெபா.

வெட்டிவிட்டேன் என்றேன்.

அந்தத் துண்டைக் கேட்கச் சுந்தரத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
மழை. சுந்தரம் கடைக்குப் பின்னால் குப்பைமேடு. நேற்றே கொட்டிவிட்டான். நானும் அவனும் குடையை ஓரமாக வைத்துவிட்டுக் கிளறினோம். தேங்காய் நார், கட்டிங் வேஸ்ட், டீ கப். கிடைத்தது. சேறு, கசங்கல்.

சுத்தம் பண்ண ஒரு வாரம் ஆகுமுங்க என்றான். ஆகட்டும். நானும் தினம் வந்து துடைக்கிறேன் என்றேன். மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு வரச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து தங்கத்திடம் ஒரு வாரம் என்றேன். சேற்றுக் கையைப் பார்த்தாள்.

"வெ...ட்டாதீங்க."

வலப்பக்க உதடு அசைந்தது போல இருந்தது. ஜெபா நாளைக்கு வந்து பார்க்கட்டும். இந்த விஷயத்தில் என் கண்ணை நான் நம்பமாட்டேன்.